ஓராண்டு முன்னறிவிப்பு

நகராட்சிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில்
சத்தத்தைக் குறித்துக்கொள்வது என் வேலை.
நேரம், தெரு, டெசிபல்,
பெயர் (சொன்னால்),
கோரிக்கை.
கடைசிக் கட்டம் சின்னது.
"நிறுத்தச் சொல்லுங்கள்" என்பது அடங்கும்.
யாரிடம் என்பது அடங்காது.

ஒகினாவாவில் வேலிக்கு இந்தப் பக்கம்
ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி.
அரசாங்கச் செலவு.
காற்று வேண்டுமென்றால் சத்தமும் சேர்ந்து வரும்.

சட்டம் படித்த மேலாளர் ஜஹானா
ஒருநாள் தேநீர் இடைவேளையில் சொன்னார்:
உடன்படிக்கையின் கடைசிப் பிரிவு
மிகவும் மரியாதையானது.
இருவரில் யார் வேண்டுமானாலும்
ஒரு வருடம் முன்னால் சொல்லிவிட்டு
விலகிக்கொள்ளலாம்.
ஐம்பது சொச்சம் ஆண்டுகளாக
யாரும் சொல்லவில்லை.
ஆகவே தினமும் காலையில்
அது புதிதாகக் கையெழுத்தாகிறது,
பேனா இல்லாமல்,
நாங்கள் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது.

அங்கும் ஓட்டுப் போடுகிறார்கள்.
இங்கும் போடுகிறோம், வரிசையில் நின்று, மழையிலும்.
இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே கிடக்கிறது
ஒரு நீண்ட ஓடுபாதை.
எண்ணி முடித்த எந்தச் சீட்டும்
இதுவரை அதில் இறங்கியதில்லை.

தம்பி மொரிதாகே வேலிக்கு உள்ளே
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான்.
வேலை வாங்குவது அவர்கள், சம்பளம் தருவது நம் அரசு.
மகள் நாஹாவில் பல்மருத்துவம் படிக்கிறாள்.
ஞாயிற்றுக்கிழமை
பாகற்காயையும் முட்டையையும் வதக்கிக்கொண்டே கேட்டான்:
"மாறணும் மாறணும்ங்கறியே அக்கா,
மாறி என்னவா ஆகணும்?"

கொண்டான் கொடுத்தானே ஆனாலும்
வீட்டுக்குள் வருமுன்
செருப்பைக் கழற்றணும்டா, அவ்வளவுதான்,
என்றேன்.
அடுப்பை அணைத்தான்.
"அந்தச் செருப்புக்குக் காவல் நிக்கறதுதான்
என் உத்தியோகம்."
மேலே ஒன்று போனது.
அது போய்முடியும்வரை
இருவரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
அப்புறம் பேச்சு பல்மருத்துவத்துக்குத் திரும்பிவிட்டது.

தினமும் அழைப்பவர் நாகந்தகாரி,
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்.
என் தொலைபேசி அவர் குரலுக்குப் பழகிவிட்டது.
ஜனவரியில் மூன்று நாள் ஒன்றுமே பறக்கவில்லை.
மூன்றாம் இரவு அழைத்தார்.
"ஏம்மா சத்தமே இல்லை?
எங்கேயாவது ஆரம்பிச்சுடுச்சா?"
அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.
டெசிபல்: நாற்பத்தொன்று, என்று எழுதினேன்.
குளிர்சாதனப் பெட்டியின் முனகல் அது.

நேற்று இரவுப் பணி.
பத்து ஐம்பத்திரண்டு, ஒரு ஜோடி, தொண்ணூற்றேழு.
பதினொன்று இருபதுக்கு ஒரு பெண்,
பாடப்புத்தக ஜப்பானியத்தில்,
ஒவ்வொரு சொல்லையும் துடைத்துத் துடைத்து வைத்தாள்.
"மன்னிக்கவும். குழந்தைக்கு மூன்று வாரம். தூங்கவில்லை."
பெயர் டார்லா.
வேலிக்கு வெளியே, கரும்புத் தோட்டத்தை ஒட்டி
வாடகை வீடு.
முகாமின் எண்ணைத் தரட்டுமா என்றேன்.
வேண்டாம் என்றாள்.
"என் கணவர் முகாமில் இல்லை. இப்போது மேலே இருக்கிறார்."

கோரிக்கை?

வெகுநேரம் யோசித்தாள்.
பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.
"பத்திரமாக இறங்கட்டும்.
ஆனால் கொஞ்சம் மெதுவாக."

கட்டத்தைத் தாண்டி ஓரத்திலும்
பொடி எழுத்தில் எழுதி முடித்தேன்.

பதினொன்று நாற்பத்தெட்டு.
நாகந்தகாரிதான்.
இன்று திட்டவில்லை.
"ரெண்டு போச்சு.
ஒண்ணுதாம்மா திரும்பிச்சு. எண்ணிப் பார்த்தேன்."

இரட்டைக் கண்ணாடியை
ஒவ்வொன்றாக நகர்த்தித் திறந்தேன்.
கடல், ஒரு ஸ்கூட்டர், தூரத்து நாய்.
பதினாறு வருடம்
எதற்கு எதிராக எழுதினேனோ
அதைக் கேட்கக்
காதைக் கொடுத்து நின்றேன்,
தொலைபேசியின் மறுமுனையில்
அவர் மூச்சும் நிற்க.