இரண்டு அம்பு

ஜோம்சோமில் பதினொரு மணிக்குக் காற்று எழும்.
அதற்குள் வேலை முடிய வேண்டும்.
ஷேர்ச்சனிடம் சுத்தியல், என்னிடம் சுண்ணக்கட்டி.
கல்லைப் பெயர்ப்பதற்கு முன்
அதன் மேல் ஓர் அம்பு போடுவேன்:
இந்தப் பக்கம் வானம்.
பெயர்த்த பின் போட்ட அம்பு
சாட்சிக்கு ஆகாது.

காக்பேனிக் கடைகளில்
தட்டுத் தட்டாய்ச் சாளக்கிராமம்.
உள்ளே சுருண்டு கிடக்கிறது கடல்.
விலை உண்டு, விலாசம் இல்லை.
போன ஆடி வெள்ளம் குவித்த சரளையிலும்
அப்படி ஒரு சுருள் செருகியிருந்தது.
சரளையின் வயதை அதனிடம் கேட்டால்
பொய் சொல்லாது,
தன் வயதைச் சொல்லும்.

பாறையைக் குறுக்கே கிழித்தோடும் வெள்ளை நரம்பு
எப்போது வந்தது என்று தெரியாது.
பாறைக்குப் பிறகுதான்.
நறுக்கும் முன்
காய் இருந்தாக வேண்டும்.

புதிய சாலைக்கு வெடிவைத்த சுவரில்
மூன்று நாள் திணறினோம்.
கீழே கிடக்க வேண்டிய சிப்பி மேலே.
மேலே வர வேண்டிய சுருள்
எங்கள் முழங்காலுக்குக் கீழே.
ஷேர்ச்சன் எழுதியதை அடித்தார்,
அடித்ததன் மேல் எழுதினார்,
அதையும் அடித்தார்.
நான்காம் நாள் ஆப்பிள் தின்றுகொண்டே
நிழலுக்காக, துருத்திய பாறையடியில்
மல்லாந்து படுத்தேன்.
மூக்குக்கு ஒரு முழம் மேலே
அலை விட்டுப்போன வரிகள்.
கூர் முகடெல்லாம் என்னை நோக்கி.
ஒரு கடற்கரை
வௌவால் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

மலை குப்புறப் படுத்திருக்கிறது என்றேன்.
அவர் பக்கத்தில் வந்து படுத்தார்.
வெகுநேரம் பேசவில்லை.
ஜீப்காரன், இரண்டு பேருக்கும் என்னவோ ஆகிவிட்டது என்று
ஹாரன் அடித்தான்.

என் குடியுரிமைச் சீட்டின்படி
தம்பி நோர்சாங் எனக்கு அண்ணன்.
எழுத்தர் வருஷம் கேட்டார்.
அம்மாவிடம் வருஷம் இல்லை, வரிசை இருந்தது:
தொங்குபாலம் அடித்துப்போன பின் சிமி,
கோவேறு கழுதை லாயம் இடம் மாறும் முன் நோர்சாங்,
நடுவில் இரண்டு பார்லி அறுப்பு.
அவர் ஆண்பிள்ளையை மேலே எழுதினார்,
மேலே இருப்பதற்குப் பெரிய வயதைப் போட்டார்.
பாறைக் கணக்கில்
அடியில் இருக்கிற நான்தான் மூத்தவள்.
இதைச் சொல்லிச் சிரித்தால்
நோர்சாங்குக்குக் கோபம் வரும்;
அண்ணனாகவே பழகிவிட்டான்.

சரி, இந்தக் கல்லில் அம்பை எப்படிப் போட?
இன்றைய வானத்துக்கு ஒன்று,
அன்றைய வானத்துக்கு ஒன்று என்றார் ஷேர்ச்சன்.
போட்டேன்.
ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு
இரண்டும் எதிரெதிரே ஓடின.

காற்று வந்துவிட்டது.
நோட்டின் தாள்கள் கடைசியிலிருந்து
முதலுக்குப் புரண்டன.
பறக்காமல் இருக்க
அந்தக் கல்லையே எடுத்து மேலே வைத்தார்,
எந்தப் பக்கம் மேல் என்று பார்க்காமல்.