மறையும் திசை

என் வேலை வண்டி ஓட்டுவது.
பிசாவில் கூடைகளை ஏற்றி
வோல்தேர்ரா மலை வளைவுகளில் குலுங்காமல்
அறுபது கிலோமீட்டர்.

மேலே போனதும் ஒவ்வொன்றாக விடுவோம்.
ஒர்தென்சியா இருநோக்கியை இறக்கவே மாட்டார்.
புறா புள்ளியாகி,
புள்ளியும் போய்,
வெறும் வானம் மிஞ்சும் நொடியில்
ஓர் எண் சொல்வார்.
நான் எழுதுவேன்.
அந்தக் கட்டத்தின் தலைப்பு: மறையும் திசை.

வெயில் இருந்தால் சூரியனைக் கேட்டுக்கொள்ளுமாம்.
மேகமென்றால் பூமியின் காந்தத்தை.
அதை உணர்வது அலகா கண்ணா காதா என்று
சாப்பாட்டு மேசையில் அடித்துக்கொள்வார்கள்.
நான் சூப்பைக் குடிப்பேன்.

மூக்கு விஷயம் மட்டும் நான் பார்த்தது.
கூட்டுக்குள் இருந்தபடியே
குஞ்சுகள் காற்றைப் படிக்கின்றன.
கோடை அடித்தால் உப்பும் பைன் பிசினும்.
கொண்டல் என்றால் ஒலிவப் பிண்ணாக்கு.
வாடையில் பளிங்குச் சுரங்கத்தின் ஈரத்தூள்.
தெற்கிலிருந்து வருவதைத்
தென்றல் என்று சொல்ல வாய் வரவில்லை:
லிவோர்னோவின் எண்ணெய் ஆலை.
அந்த நாற்றமும் சேர்ந்ததுதான் வரைபடம்.

ஒரு நாள் ஆறு புறாக்களுக்கு
மூக்கை மரக்கச் செய்து விட்டோம்.
ஆறு எண்கள், ஆறு திசைகள்.
அன்று திரும்பும் வழியில்
வானொலியைப் போட யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு நானூற்றுப் பதினேழு.
அதன் கண்களில் பனி படர்ந்ததுபோல் மங்கிய வில்லைகள்;
வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது.
விட்டதும் தடுமாறி, ஒரு வட்டம்,
இன்னொன்று,
பின் மேற்கே.

சாயங்காலம் ரெமீஜோ போன் செய்தான்:
"உங்க கண்ணாடிக்காரி என் வயலில் உட்கார்ந்திருக்கா."

சூரியகாந்தி வரிசைகளுக்கு நடுவில் இருந்தது.
அங்கிருந்து கூடு அரை கிலோமீட்டர்,
கூரை தெரிகிற தூரம், எனக்கு.
அறுபது கிலோமீட்டரையும் கண்ணில்லாமல் கடந்து
வந்துவிட்டோம் என்று தெரிந்து
இறங்கியிருக்கிறது.
வீடு எதுவென்றுதான் தெரியவில்லை.
தேடவும் இல்லை. உட்கார்ந்துவிட்டது,
பூட்டிய வாசலில்
சாவிக்காரனுக்குக் காத்திருக்கும் ஆளைப்போல.

கையில் எடுத்தேன். நெஞ்சு தடதடவென்றிருந்தது.
நானும் கண்ணை மூடி
மூச்சை ஆழ இழுத்துப் பார்த்தேன்.
டீசல். என் சட்டைதான்.

வில்லைகளைக் கழற்றியதும்
ஆரஞ்சுக் கண் ஒருமுறை சுழன்று என்னைத் தாண்டியது.
நன்றியெல்லாம் இல்லை.
கையை உதைத்துவிட்டுக் கிளம்பியது.

தாளில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது.
கூரையில் இறங்கும்வரை
மறையவே இல்லையே, என்ன எழுத?