இருபத்தைந்து விநாடி

கிளாக்ஸ்விக்கில் ஜனவரி மாதத்துக்குக் காலை என்பது
வெறும் சம்பிரதாயம்.
ஆறு மணிக்கு என் சமையலறைச் சன்னலில்
என் முகம்தான் தெரியும்.
அந்த நேரத்தில்
கடற்கழியின் எதிர்க்கரைக் கொட்டகையில்
சால்மன் கூண்டுகளின் பிராணவாயுவை அளக்கும் கணினி
உறக்கத்திலிருந்து எழும்.

பேட்டரி தாங்க வேண்டுமே என்று
இரவில் அதைத் தூங்க வைக்கிறோம்.
மனதில் இருப்பதையெல்லாம் வட்டில் எழுதிவிட்டு
மூச்சை நிறுத்தும்.
எழுந்ததும் எழுதியதைப் படித்து
நேற்று பாதியில் விட்ட வாக்கியத்துக்கு
அடுத்த சொல்லைச் சொல்லும்.
இடையில் ஓர் இரவு போனது
கடிகாரம் சொன்னால்தான் உண்டு.

கதவைத் தட்டுகிறேன்.
பிங் அடித்தால் எட்டு மில்லிவிநாடி.
சாவியை நீட்டினால் வாங்கிக்கொள்கிறது.
வாங்கிக்கொண்ட பிறகு
ஒன்றுமில்லை.
கர்சர் மட்டும் இமைக்கிறது.

முதல் நாள் திட்டினேன்.
மூன்றாம் நாள் எண்ணினேன், இருபத்தைந்து.
நான்காம் நாளும் இருபத்தைந்து.
பழுது என்றால் கொஞ்சமாவது தடுமாறாதா?
யாரோ எங்கோ
பொறுமையைப் படி போட்டு அளந்து வைத்திருக்கிறார்கள்.

பெயர் தேடுகிறதோ என்று நினைத்தேன்.
வந்த எண்ணுக்கு உரியவர் யார் என்று
தூக்கக் கலக்கத்தில்
இல்லாத முகவரியில் போய்க் கேட்டு நிற்கிறதோ.
பெயர் கேட்க வேண்டாம் என்று
அமைப்பில் ஒரு வரி மாற்றினேன்.
இருபத்தைந்து.

பிறகு தைத்துரைப் பிடித்தேன்.
ரேடியோ கம்பம் அவன் பொறுப்பு.
"உன் இணைப்பு இழுக்கிறது" என்றேன்,
எட்டு மில்லிவிநாடியைப் பற்றி
மூச்சுவிடாமல்.
தென்மேற்குக் காற்றில் படகெடுத்துப் போனான்.
கம்பத்தில் ஏறி உப்பைத் துடைத்தான்.
கொட்டகைக்குள்ளிருந்து கூப்பிட்டான்:
"மார்யுன், கம்பத்தில் கோளாறு இல்லை.
ஆனால் ஒன்று.
இங்கேயே விசைப்பலகையில் கடவுச்சொல் அடித்தேன்.
ஈரக் கையுறை இரண்டையும் கழற்றிப் பிழிந்து
ஆணியில் மாட்டிய பிறகுதான்
உள்ளே விட்டது."

எதிரே உட்கார்ந்தவனையும் காக்க வைக்கிறது என்றால்
கடல் குற்றவாளி இல்லை,
கம்பமும் இல்லை.
எய்தவன் இருக்க
அம்பைக் கம்பத்தில் ஏற்றியிருக்கிறேன்.

பதிவேட்டைப் புரட்டினேன்.
06:12:03, விருந்தாளி வந்திருக்கிறார்.
06:12:28, பதில் இல்லை; கைவிடப்பட்டது.
வருகிறவர் பெயரைக் குறித்துக்கொள்ளும் வாயிற்காவல் நிரல்,
எல்லோரும் எழுந்த வீட்டில்
அது மட்டும் சரியாக எழவில்லை.
கதவு அதனிடம் கேட்கிறது, "இவரை எழுதிக்கொண்டாயா?"
கேட்டுவிட்டு நிற்கிறது.
எவ்வளவு நேரம் நிற்பது என்று
எழுதாத சட்டமா, எழுதிய சட்டம்தான்:
இருபத்தைந்து விநாடி.
அதற்குமேல் மரியாதை இல்லை.
எழுதாமலே உள்ளே விடுகிறது.

காவலை நிறுத்தி மறுபடி தொடங்கினேன்.
ஒரே கட்டளை.
வெளியேறி மீண்டும் தட்டினேன்.
கதவு திறந்தே இருந்ததுபோல் திறந்தது.

அது ஏன் எழவில்லை என்பது
இன்றுவரை எனக்குத் தெரியாது.
விழிக்கும்போதெல்லாம் அதை ஒருமுறை உலுக்கிவிட
இரண்டு வரி நிரல் வைத்திருக்கிறேன்.
இதைத் தீர்வு என்று சொல்ல மாட்டேன்,
அறிக்கையில் மட்டும் சொன்னேன்.

தைத்துரிடம் எட்டு மில்லிவிநாடியை ஒப்புக்கொண்டேன்.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.
நான் எண்ணவில்லை.
"கையுறை இன்னும் காயவில்லை" என்றான்.

இப்போது ஆறு மணிக்குத் தட்டினால்
அந்தக் கணமே எண்கள் வருகின்றன:
முதல் கூண்டு, இரண்டாம் கூண்டு,
மீன்களெல்லாம் நலம்.
என் கை மட்டும் பழக்கத்தில்
காபிக் கெண்டி வரை போய்
பாதி வழியில்
நிற்கிறது.