பாக்கி

லாரன்ஸ் ரோடு, ரயில்வே கேட் பக்கம்.
ஐஸ் தண்ணீர் சொட்டும் கையோடு
கண்ணாடி மேல் போனை வைத்தாள் அஞ்சலாட்சி.
மூணு நாளாய் லோகோவிலேயே நிற்கிறது.

அழிச்சாத்தான் எழுந்திரிக்கும் என்றேன்.
"எல்லாத்தையுமா?"
எல்லாத்தையும்.
"அப்ப அந்தக் கடன் ஆப்பு?"
போயிடும்.
"கடன்?"

சிரித்தது நான் மட்டும்தான்.

இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்த,
கண் திறந்ததும் கேட்டது: என்ன மொழி?
தமிழ்.
அடுத்து, இதற்கு முன்னால் இருந்த கணக்கு எது?
எல்லாம் மறந்தும் அதை மறக்கவில்லை சனியன்.
படகின் பெயர், பதிவு நம்பர், இடைவெளி கிடையாது:
மூச்சுவிடாமல் சொன்னாள் பாஸ்வேர்டை.

வரிசையாய் வந்து சேர்ந்தார்கள்
நூற்றெழுபது பேர்,
போன ஆவணியில் செத்த கொழுந்தன் உட்பட.
பின்னாலேயே ஒரு மெசேஜ்:
நாளை தவணை நாள்.

நோட்பேடைத் தேடினாள்.
தேவனாம்பட்டினத்திலிருந்து மஞ்சக்குப்பம் வரை
தெருத்தெருவாய்க் குறித்திருந்த மீன் பாக்கி.
அது போனில் மட்டும்தான் இருந்ததாம்.

முந்நூறை எண்ணி வைத்துப் படியிறங்கினாள்
விரல் மடக்கியபடி:
செம்மண்டலம் டீச்சர் நானூறு,
மெஸ்காரர் ஆயிரத்து இருநூறு,
வக்கீல் வீடு, வஞ்சிரம் ரெண்டு கிலோ...

நாலாவது விரல் மடங்கவில்லை.
கேட் போட்டுவிட்டார்கள்.
விழுப்புரம் வண்டி போகும்வரை
அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.