இடப்பக்க இருக்கை

மூன்று நாளாக எங்கள் வண்டியில் பேசுகிற ஒரே ஆள்
அந்த ஜப்பான்காரி.
சாவியைத் திருப்பினால் போதும்,
டாஷ்போர்டுக்குள்ளிருந்து மரியாதையாக ஏதோ சொல்வாள்.
என்ன கேட்கிறாள் என்று பதினோரு வருஷமாகத் தெரியாது.
ஜும்பெர் அவளுக்கு மட்டும்
"சரி சரி" என்கிறான்.

சண்டை பெரிதில்லை.
பனிக்கால டயர் நான்கையும்
என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்
தெலாவியிலிருக்கும் தம்பிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான்.
பெரிதில்லை என்றேனா?
பெரிதுதான்.

இன்று விடியலில் பிரேக் பெடல்
ஊறின ரொட்டி மாதிரி உள்ளே போனது.
குழாயில் காற்று.
வண்டிக்குள் நாற்பது பெட்டி திராட்சை,
மலைக்கு அந்தப் பக்கம் திபிலிசி,
சந்தை யாருக்காகவும் காத்திருக்காது.

காற்றெடுக்க ஆள் இரண்டு வேண்டும்.
அவன் வாசலில் வந்து நின்றான்.
ஒன்றும் சொல்லாமல்
சாவியை மேசைமேல் வைத்தான்.
நான் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு
பெடலருகே போய் உட்கார்ந்தேன்.

தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும்.
ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கிற வண்டிக்கு
அது இடது பின்சக்கரம்.
எல்லாமே தலைகீழ் எங்களுக்கு.
எட்டாம் நம்பர் ஸ்பானர், மீன்தொட்டிக் குழாய் ஒரு முழம்,
அடியில் பச்சை லெமனேட் பாட்டில்.

"பிடி."
பிடித்தேன்.
ஆணி தளர்ந்தது, பெடல் என் காலோடு தரைக்கு இறங்கியது.
அவன் இறுக்கும்வரை எடுக்கக் கூடாது.
எடுத்தால் போன காற்று திரும்பி வரும்.
"விடு."
விட்டேன்.

பிடி. பிடித்தாச்சு. விடு.
பிடி. பிடித்தாச்சு. விடு.
இரண்டு சக்கரம் முடிந்தபோது
மூன்று நாளில் பேசாததைவிட அதிகம் பேசியிருந்தோம்.
மூன்றாவது சக்கரத்தில்
"விடு சியூரி" என்றான்.
பெயர் எதற்கு? பெடலில் வேறு யார் இருக்கிறார்கள்?
காலை எடுக்கக் கொஞ்சம் நேரமானது எனக்கு.

பாட்டிலில் குமிழி நின்றது.
பெடல் கல்லாக நின்றது.

கொம்போரி மலைமேல் மூடுபனி.
முன்னால் சரளைக்கல் லாரி,
பின்விளக்கு ஒன்று இல்லை, இன்னொன்று இருக்கிறதா என்று அதற்கே சந்தேகம்.
ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு கல் எங்கள் கண்ணாடிக்கு.
பின்னால் மினிபஸ்காரன்.
மேலே தேவாலயம் தெரிந்ததும்
கைப்பிடியை விட்டுவிட்டு மூன்று முறை சிலுவை போடுகிறான்,
எங்கள் பம்பருக்கு ஒரு சாண் தள்ளி.

ஜும்பெருக்குத் தெரிவது லாரியின் முதுகு மட்டும்.
எதிர்த்தடம் தெரிவது எனக்கு.
முந்துகிற வேலை அவனுடையது,
முந்தலாமா என்பது என்னுடையது.
இந்த வண்டி வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான்.

கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டி எட்டிப் பார்த்தேன்.
"போகலாமா?"
காலி. காலி மாதிரி.
பனிக்குள் கொஞ்சம் கெட்டியான பனி.
"இரு."
விளக்குப் போடாத ஒரு பழைய நீவா
வைக்கோலோடு உரசிப் போனது.
அவன் எச்சில் விழுங்குவது கேட்டது.

அடுத்த வளைவில்
தார்ச் சூட்டுக்குப் படுத்திருந்தது ஒரு பசு,
நடுக்கோட்டைத் தலையணையாக வைத்து.
லாரி ஒதுங்கிப் போனது. நாங்கள் நின்றோம்,
காலையில் எடுத்த காற்றின் கணக்கில்.
திராட்சைப் பெட்டிகள் முன்னால் நகர்ந்து
முதுகில் இடித்தன.
பசு அசைபோட்டுக்கொண்டே
எங்களைப் பார்த்தது, எழுந்திருக்கவில்லை.
அவன் சிரித்தான். நானும்தான், கொஞ்சம்.

பிறகு நேர்சாலை, லாரி மறுபடி.
பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன்.
"இப்போ."
என் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஏறினான்.

டயரைப் பற்றி
இறக்கம் முடிந்ததும் கேட்பேன்.