வாங்குதல்

ரேஷன் கடை மெஷின்
என் ஆள்காட்டி விரலை ஒப்புக்கொள்வதில்லை.
"நல்லா அழுத்துங்கக்கா."
அழுத்துகிறேன்.
கணு கிழக்கே போகிறது, நகம் வடக்கே போகிறது,
நடுவில் கொஞ்சம் தோல் கண்ணாடியில் படுகிறது.
சரி, கட்டைவிரலை வையுங்கள் என்கிறார்.
அதற்கும் ஒரு கதை இருக்கிறது.
பின்னால் பதினெட்டுப்பேர் நிற்கும்போது
அதை எப்படிச் சொல்ல?

பேஸ்பால் என்றால் கேத்தியில் பாதிப்பேர்
கிரிக்கெட்டா என்பார்கள்.
கேட்சர் என்றால், கீப்பரா என்பார்கள்.
ஆமாம் என்று விட்டுவிடுவேன்.
நின்று விளக்கினால் முட்டி கடுக்கிறது.

ஸ்டேஷனுக்குக் கீழே பள்ளி மைதானம்.
எட்டுப்பேர் என்னைப் பார்த்து நிற்பார்கள்,
நான் ஒருத்தி அவர்களைப் பார்த்துக் குந்தியிருப்பேன்.
குந்துவது எங்களுக்குப் புதிதா?
கேரட் பிடுங்கக் குந்தி, கழுவக் குந்தி, களையெடுக்கக் குந்தி
வளர்ந்த கால்கள்.
அந்தத் தைரியத்தில்தான் பெஞ்சமின் சார் கேட்டதும்
முகமூடியை மாட்டினேன்.
ஓர் ஆட்டத்துக்கு நூற்றைம்பது முறை என்று
யாரும் கணக்குச் சொல்லவில்லை.

முகமூடி ஆண்களுக்கு அளவெடுத்தது.
கம்பிக்கும் கன்னத்துக்கும் நடுவே மஃப்ளரைத் திணித்தேன்.
கால்கவசம் வலதுக்கு மட்டும் இருந்தது,
இடதுக்கு உரச்சாக்கை மடித்துக் கட்டினேன்.
இன்று மழை வருமுன் முதலில் பேசுவது
அந்த இடதுதான்.

ஜனவரியில் பந்து கல்.
காலை ஏழு மணி, புல்மேல் உறைபனி,
உறைக்குள் கை
சிவந்து, வீங்கி, பிறகு ஒன்றும் தெரியாமல் போகும்.
தெரியாமல் போனால் நல்லது என்று நினைத்த வயசு.

மூடுபனி இறங்கினால்
ரெஜினா இடுப்புக்கு மேல் இருக்கமாட்டாள்.
தொடைகளுக்கு நடுவே நான் காட்டும் விரல்
அவளுக்குத் தெரியட்டும் என்று நகத்தில் சுண்ணாம்பு பூசுவேன்.
ஒன்று என்றால் நேர்ப்பந்து. இரண்டு என்றால் வளைவு.
அன்றைக்கு நான் இரண்டு காட்டினேன்,
பனி அதில் ஒன்றைத் தின்றுவிட்டது.
வளைவுக்குச் சாய்ந்து காத்திருந்தேன்.
நேராக வந்த பந்து
உறையில்லாத வலக்கையைக் கண்டுபிடித்தது.
பீன்ஸ் ஒடித்த மாதிரி ஒரு சத்தம்.

ரெஜினா ஓடிவந்து அழுதாள்.
போ, போய்ப் போடு என்றேன்.
ஆள்காட்டி விரல் செத்துக் கிடக்கிறது,
அடுத்த பந்துக்கு ஒன்று காட்ட
நடுவிரலைத்தான் நீட்ட முடிந்தது.
அழுதுகொண்டிருந்தவள்
பனிக்குள் நின்று சிரித்துவிட்டாள்.

குன்னூர் ஆஸ்பத்திரியில்
எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்து
அறுபது வயசு முட்டி என்றார் டாக்டர்.
எனக்கு முப்பத்திரண்டு.
"மூட்டை தூக்குறீங்களா?"
"பந்து பிடிச்சேன் சார்."
காரணம் என்ற இடத்தில் அவர் எழுதியது: கீழே விழுந்ததால்.

இல்லை டாக்டர்.
ஈரோட்டுக்காரி ஒருத்தி மூன்றாம் தளத்திலிருந்து
எருமை மாதிரி முட்டிக்கொண்டு வந்தபோதும்
நான் விழவில்லை.
பந்து என் நெஞ்சோடு இருந்தது.
விழுந்திருந்தால் முட்டி பிழைத்திருக்கும்.
அந்த ஆட்டம் எப்படியும் ஏழுக்கு இரண்டு, தோல்விதான்.

குந்த முடியவில்லை என்றதும்
வீட்டுக்காரர் சங்கத்தில் கடன் வாங்கி
வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தார்.
இத்தனை வருஷ ஆட்டத்தில்
என் வீட்டுக்கு வந்த ஒரே கோப்பை அது.

"பின்வாங்கி வாங்கு" என்பார் சார்.
பந்தோடு சண்டை போடாதே,
வருகிற பக்கமே கையும் கொஞ்சம் போகட்டும்.
மற்றதெல்லாம் சொல்லித்தராமலே வாங்கினேன்,
அடி, மூச்சு, ஏச்சு,
அரசு வேலைக்குப் போன இடத்தில்
"இந்த விளையாட்டு லிஸ்ட்ல இல்லம்மா" என்ற பதில்.

இப்போது முட்டைக்கோஸ் ஏற்றும் நாட்களில்
லாரிமேல் என்னைத்தான் நிறுத்துகிறார்கள்.
தோட்டத்திலிருந்து கைமாறிக் கைமாறி வந்து
கடைசியில் சரசு எறிய,
கோணல் விரல்கள் தாமாகவே விரிகின்றன.
வருகிறது, கை கொஞ்சம் பின்னால் போகிறது,
சத்தமில்லாமல் உட்காருகிறது.
மேட்டுப்பாளையம் மண்டிக்கு நானூறு கோஸ்,
ஒரு இலைகூடக் கிழியவில்லை.
டிரைவர் எண்ணிப் பார்த்துவிட்டு
எங்க கத்துக்கிட்டீங்க என்கிறார்.

அப்புறம் சொல்றேன் அண்ணா.
முதலில் யாராவது தோள்கொடுங்கள்,
இறங்கணும்.