முந்தைய ஆண்டுக்கு முந்தைய ஆண்டு

படிவம் கேட்பது போன வருடத்தை அல்ல.
அதற்கும் முந்தைய வருடத்தை.

அப்போது ஆலை ஓடிக்கொண்டிருந்தது.
மூன்றாம் எந்திரத்தின் ஈரமுனையில் நின்று
ஓவர்டைமும் சேர்த்து
அறுபத்தெட்டாயிரத்துச் சொச்சம் டாலர் வாங்கினேன்.
ஆகவே அரசாங்கத்தின் கணக்கில்
நான் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.
கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிவிட்டு
விடிவதற்கு முன்பே வண்டியைக் கிளப்புகிறேன்.
காவலாளி கையசைக்கிறான்.
பூட்டிய கதவு எனக்கு மட்டும் திறக்கிறது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்குத்தான் உதவாது,
உதவித்தொகையைத் தடுக்க நன்றாகவே உதவும்.

முப்பத்தொரு வருடம் காகிதம் செய்தவன் நான்.
டன் கணக்கில்.
அதில் யார் என்ன எழுதினார்கள் என்று
ஒரு நாளும் கேட்டதில்லை.
நிதியுதவி அலுவலகத்தில்
பிரிசில்லா டக்கர் நீட்டிய தாள்
என்னை வசதியுள்ளவன் என்கிறது.
ஓரத்தை விரல்களுக்கிடையே உரசிப் பார்க்கிறேன், பழக்கதோஷம்.
மெல்லிய ரகம். எங்களுடையது அல்ல.

எனக்கு முன்னால் வரிசையில்
மரம் வெட்டும் பூட்ஸோடு ஒரு பையன்,
மார்பில் கட்டிய குழந்தை அவன் சட்டைப் பொத்தானைச் சப்புகிறது.
அவனுக்கு முன்னால் நின்றவள்
தந்தையின் கையெழுத்து எங்கே என்ற கேள்விக்கு
எனக்கும் அதுதான் தெரியவேண்டும் என்றாள்.
யாரும் சிரிக்கவில்லை.

வீட்டில் எத்தனை பேர் கல்லூரியில் படிக்கிறார்கள்?
கொரீனின் படிவத்தில் இரண்டு என்று எழுதியிருந்தேன்.
பிரிசில்லா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.
மகள் பல் சுத்திகரிப்புப் பிரிவு, என்றேன்.
நான் மின்கம்பி.
ஐம்பத்து மூன்று வயதில்
கம்பம் ஏறப் படிக்கிறேன்.
"அந்த எண்ணை இப்போதெல்லாம் கணக்கில் சேர்ப்பதில்லை, மிஸ்டர் லெவெக்.
கேட்கிறோம், அவ்வளவுதான்."

மேல்முறையீடு செய்யலாமாம்.
வேலை போனதற்கு வேலை தந்தவர் கடிதம் வேண்டுமாம்.
தொலைபேசியில் படம் காட்டினேன்:
புகைபோக்கி முழங்கால் மடங்கிச் சரிகிறது,
ஊரே சாலையோரம் நாற்காலி போட்டுப் பார்க்கிறது.
படம் செல்லாது.
செத்தவன் எழுந்து வந்து
தன் சாவுக்குச் சாட்சி சொல்ல வேண்டும்.

அவள் மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தாள்.
ஆலை மூடல் அறிவிப்பின் நகல்கள்,
ஒரு கட்டு, ரப்பர் வளையம் போட்டு.
"உங்களோடு பதினேழு பேர்," என்றாள்.
கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில்
ஏற்கெனவே பென்சிலால் பெருக்கல் குறி இருந்தது.

ஆறு வாரம், அல்லது எட்டு.
அதுவரை கொரீனின் கருவிப் பெட்டி
கடன் அட்டையில் இருக்கிறது.
நான் கல்லூரிக்குப் பின்புறத்து மைதானத்தில்
மின்சாரமில்லாத கம்பத்தில் இருக்கிறேன்.
நாற்பதடி. கொக்கி மரத்தில் இறங்கும் சத்தம்
முழங்காலில் கேட்கிறது.
கீழிருந்து பயிற்சியாளர் கத்துகிறார்
(என்னைவிட இருபத்து நான்கு வயது இளையவர்):
கம்பத்தைக் கட்டிப்பிடிக்காதே, சாய்ந்து நில்,
வார் தாங்கும்.
தாங்குகிறது.
ஆனாலும் கைகள் நம்ப மறுக்கின்றன.

நவம்பரில் ஒரு நாள் கொரீன் சொன்னாள்:
"அப்பா, தேர்வுக்கு ஒரு வாய் வேண்டும்.
சுத்தமான பல்லுக்கு மதிப்பெண் இல்லை.
காரை படிந்தது வேண்டும்."
முப்பது வருடக் காபி, பதினைந்து வருடப் புகையிலை,
பல் காப்பீட்டை ஒருமுறைகூட எட்டிப் பார்க்காத சோம்பல்.
இந்தக் கல்லூரியில் முதல் முறையாக
என்னிடமிருந்த ஒன்று செல்லுபடியானது.

சாய்வு நாற்காலி. முகத்துக்கு மேல் விளக்கு.
முகமூடிக்கு மேலே அவள் கண்கள்
என்னைத் தெரியாதவள்போல் வேலையாய் இருந்தன.
சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது.
நிதியுதவி அலுவலகமாக இருக்கலாம்,
மின்சாரக் கட்டண நினைவூட்டலாகவும் இருக்கலாம்.
கையை எடுக்கப் போனேன்.
"அசையாதே. இன்னும் அகலமாக."

ஈறின் ஆழத்தை ஊசியால் தொட்டுத் தொட்டு
உரக்கச் சொல்கிறாள்:
மூன்று. இரண்டு. ஐந்து.
இரத்தம்.
மூன்று.
அருகில் யாரோ ஒரு மாணவி எழுதிக்கொள்கிறாள்.
இந்தக் கணக்காவது
இன்றைய தேதியில் இருக்கிறது.